மண்டபத்துக் கடலுக்கு எந்தப் பாய்? என் அனுபவம்

சனிக்கிழமை விடியுமுன் மதுரையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் மண்டபம் போய்விடலாம், தூரம் எனக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை என் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றால் கடலில் ஓடுவது) பலகைக்கான பாய்தான்.

பாக் விரிகுடாப் பக்கம் கடல் ஆழம் குறைவு, ஜனவரியில் வாடைக்காற்று ஏறினால் குட்டை குட்டையாக, ஒன்றை ஒன்று துரத்துகிற அலைகள் வரும். என்னிடம் இருந்தது 7.5 சதுர மீட்டர், கேம்பர் (பாயின் வளைவு குலையாமல் மாஸ்ட் கம்பத்தோடு பிடித்து வைக்கும் துண்டுகள்) வைத்த பாய். தண்ணீர் தட்டையாக இருந்தால் அருமையாக ஓடும், ஆனால் இந்த அலையில் பலகை துள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனம் முழுக்கத் தோளுக்கு வந்தது, விழுந்தால் மாஸ்ட் நுழைகிற உறைக்குள் தண்ணீர் புகுந்து தூக்கவே விடாது.

கேம்பர் இல்லாத 6.0 வாங்கினேன். என் எடை 72 கிலோ. முதல் நாளே கை லேசானது, ஆனாலும் காற்று திடீரென்று அறையும்போது பின்னால் பிடித்த கையை இழுத்தது. பாய் பெரிதோ என்று நினைத்தேன், இல்லை, பாயை மாஸ்டின் அடிப்பக்கம் இழுத்துக் கட்டும் கீழ்க்கயிற்றை நான் போதுமான அளவு இழுக்கவில்லை. அடிப்பாகத்தில் காலை ஊன்றி, பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குக் குச்சிகளில் மேல் இரண்டுக்கு நடுவில் பின் ஓரம் சேலை முந்தானை போலத் தொய்கிற வரை இழுத்துக் கட்டினேன். அப்புறம் காற்று அறைந்தால் பாயின் தலை தானே திருகி அதிகப்படியை விட்டுவிடுகிறது. கரையில் பார்க்கத் தளர்ந்த மாதிரி தெரியும், பயந்து கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

காற்று குறைந்த நாளுக்கு 7.5 இன்னும் மாடியில் இருக்கிறது.