பங்கு ஏறியபோது சம்பளமும் ஏறியதா? போலந்து எண்களை வைத்து நீங்களே பார்க்கலாம்

அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கிய பொருளாதாரத்தை விட்டு 1990-களில் சந்தைக்கு மாறிய நாடுகளில், பங்குச்சந்தையின் ஏற்றம் தொழிலாளியின் கையில் பணமாக வந்ததா? இதை ஆராய விரும்பும் புதியவர்கள் போலந்திலிருந்து தொடங்குங்கள். எக்செல் தெரிந்தால் போதும்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள். வார்சா பங்குச்சந்தை 1991 ஏப்ரல் 16 அன்று, கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த கட்டடத்திலேயே, 5 நிறுவனங்களின் பங்குகளோடு திறந்தது. அங்குள்ள பங்கு விலைகளின் மொத்தப் போக்கைக் காட்டும் 'விக்' குறியீட்டெண் அன்று 1,000. ஆனாலும் முதல் கணக்குக்கு 1992 முதல் 1998 வரை போதும். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 2: சம்பள எண்களைச் சுத்தம் செய்யுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். போலந்தின் புள்ளியியல் அலுவலகம் தரும் சராசரி மாதச் சம்பளத்தை அப்படியே வரைந்தால் மூன்று இடங்களில் கோடு உடையும். 1992-இல் தனிநபர் வருமான வரி வந்தது. அந்த வரியையும் சேர்த்துச் சம்பளத்தை எழுதத் தொடங்கினார்கள். 1995 ஜனவரி 1 அன்று போலந்து நாணயமான ஸ்லாட்டியில் பழைய 10,000, புதிய 1 ஆனது. அதற்கு முந்தைய தொகைகளை 10,000-ஆல் வகுத்துவிடுங்கள். 1999-இல் தொழிலாளி செலுத்தும் சமூகக் காப்பீட்டுத் தொகையும் சம்பளக் கணக்கில் சேர்ந்ததால் மொத்தச் சம்பளம் 1.23-ஆல் பெருக்கப்பட்டது. கைக்கு வந்த பணம் அதனால் கூடிவிடவில்லை. இதைக் கவனிக்காமல் 1999-இல் சம்பளம் பாய்ந்தது என்று எழுதினால் ஆய்வு முழுவதும் வீண்.

படி 3: விலைவாசியைக் கழியுங்கள். கழிப்பது என்றாலும் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். சம்பளம் 40%, விலைவாசி 35% ஏறினால் 1.40 ÷ 1.35 = 1.037. உண்மை உயர்வு 3.7% தான், 5% அல்ல. பங்குக் குறியீட்டுக்கும் இதையே செய்யுங்கள். டிசம்பர் மாதக் குறியீட்டை எடுத்தால் டிசம்பர் மாத விலைவாசியையே எடுக்க வேண்டும், ஆண்டுச் சராசரியை அல்ல.

இப்போது 1993-ஐப் பாருங்கள். அந்த ஓராண்டில் விக் சுமார் 12 மடங்கு ஆனது. விலைவாசியை நீக்கினாலும் ஏறக்குறைய 9 மடங்கு. அதே ஆண்டில் உண்மைச் சம்பளம் சற்றே இறங்கியது! என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்ததே இந்த இடைவெளிதான்.

படி 4: மாற்றங்களை ஒப்பிடுங்கள். பணவீக்கக் காலத்தில் எல்லா எண்ணும் ஏறும். அப்படியே ஒட்டுறவுக் கெழு (இரண்டு வரிசைகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் எண், அதிகபட்சம் 1) போட்டால் 0.9-க்கு மேல்கூட வரலாம், அதற்கு அர்த்தமில்லை. முந்தைய காலாண்டிலிருந்து எத்தனை சதவீதம் மாறியது என்று இரண்டு வரிசைகளுக்கும் கணக்கிட்டு, அதற்குப் போடுங்கள். ஏற்றத்தின் பலன் தாமதமாகச் சம்பளத்துக்கு வந்திருக்கலாம்; அதனால் சம்பளத்தை இரண்டு, நான்கு காலாண்டுகள் தள்ளி வைத்தும் பாருங்கள்.

படி 5: காரணம் தேடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அரசு நிறுவனங்கள் வரம்பை மீறிச் சம்பளம் உயர்த்தினால் 'போபிவெக்' என்ற தண்ட வரி கட்ட வேண்டியிருந்தது. வேலையின்மையும் 1993 இறுதியில் 16%-ஐ ஒட்டி இருந்தது. பங்குச்சந்தையிலோ அப்போது இருபது சொச்சம் நிறுவனங்களே இருந்தன. சம்பளம் ஏன் அசையவில்லை என்பதற்குச் சந்தையைவிட இவைதான் அதிகம் பதில் சொல்கின்றன என்பது என் கருத்து.

சரி, போலந்து முடிந்ததும் ரஷ்யாவுக்குப் போகலாம். அங்கே ஆர்டிஎஸ் என்ற பங்குக் குறியீடு 1997 அக்டோபரில் 571-ஐத் தொட்டு, ஓராண்டில் 39-க்கும் கீழே விழுந்தது. உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சம்பளப் பாக்கி. கணக்கில் எழுதிய சம்பளம் மாதக்கணக்கில் கொடுக்கப்படாமலே இருந்த நாடு அது.