அவசர வேலைக்கு எவ்வளவு கேட்பது? புதிய ஃப்ரீலான்ஸர்களுக்கு ஒரு கணக்கு

“நாளைக்கே வேணும்” என்று கிளையன்ட் சொன்னதும், வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிடாதீர்கள். அவசர வேலை உள்ளே வந்தால் உங்கள் மாலை நேரமோ, விடுமுறையோ, இன்னொருவரின் வேலையோ நகரத்தான் செய்யும். எது நகர்கிறதோ அதற்குத்தான் கூடுதல் கட்டணம்.

படி 1: உங்கள் வழக்கமான வேகத்தை எழுதி வையுங்கள். சாதாரண வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான், எது அவசரம் என்பதில் பிறகு வாக்குவாதம் வராது.

படி 2: கணக்குப் போடுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். நீங்கள் நாளுக்கு எட்டு மணி நேரத்தில் 2,000 சொற்கள் மொழிபெயர்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 6,000 சொற்களுக்கு மூன்று நாள், அதாவது 24 மணி நேரம். கிளையன்ட் இரண்டே நாளில் கேட்கிறார். 16 மணி நேரம் வழக்கமான பொழுதில் அடங்கும். மீதி 8 மணி நேரம் இரவில்தான். அந்த எட்டுக்கு மட்டும் இரட்டிப்புக் கட்டணம் போட்டால், மொத்தம் 32 மணி நேரத்துக்கான தொகை வரும். வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஏன் இவ்வளவு என்று கேட்டால் இந்தக் கணக்கையே காட்டலாம். கையில் இருக்கும் வேறொரு வேலையும் தள்ளிப்போகிறது என்றால் இன்னும் கூட்டுங்கள். ஆனால் தள்ளிப்போகும் வேலையின் கிளையன்டிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இந்த அவசர வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குக் கொடுத்த வாக்கு விற்பனைக்கு இல்லை.

படி 3: நிபந்தனைகளை மெயிலில் எழுதி, சம்மதம் வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் அட்வான்ஸ். முடிந்தால் முழுத் தொகையும். எத்தனை முறை திருத்தம், கிளையன்ட் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான்: ஃபைல்கள் முழுமையாகக் கைக்கு வந்த நிமிடத்திலிருந்துதான் டெட்லைன் எண்ணப்படும். காலையில் தருகிறேன் என்றவர் ராத்திரி அனுப்பினால், இழப்பு உங்களுடையதாகக் கூடாது.

படி 4: ஒரே விலையைச் சொல்லி நிறுத்தாமல், இப்படி எழுதிப் பாருங்கள்:

“வழக்கமான கட்டணத்தில் மூன்று நாளில் தருகிறேன். இரண்டு நாளில் முழுவதும் வேண்டுமென்றால் அவசரக் கட்டணம் சேரும். அல்லது, உடனே தேவைப்படும் பகுதியை மட்டும் நாளை தந்து, மீதியைப் பிறகு அனுப்பலாம்.”

இதற்குப் பிறகு பல நேரம் டெட்லைன் தானாகவே தளர்ந்துவிடும். முடியாத வேலை என்றால் கேட்ட உடனேயே சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கும்.

படி 5: இன்வாய்ஸில் அவசரக் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். அடிப்படைக் கட்டணத்தோடு கலந்துவிட்டால் அடுத்த முறை குழப்பம்தான். நெடுநாள் கிளையன்டுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தாலும் அந்த வரியைப் போட்டு, கீழே அதே தொகையைத் தள்ளுபடியாகக் கழியுங்கள்.