நல் ஆப்ஜெக்ட்: ‘இல்லை’ என்பதற்கும் ‘தெரியவில்லை’ என்பதற்கும் இடையில் நடக்கும் தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சிறு குழு ஒன்றில், புதிதாகச் சேருவோரின் நிரலைப் பரிசீலிப்பது என் வேலைகளுள் ஒன்று. கல்லூரி முடித்து வருபவர்கள் முதல் சில மாதங்கள், ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் நல் (null) மதிப்பைப் பொருளாக நினைத்துப் பயன்படுத்தும்போது எழும் பிழையான நல் பாயின்டர் எக்செப்ஷனிடம் அடிவாங்குகிறார்கள். பிறகு யாரோ நல் ஆப்ஜெக்ட் என்ற உத்தியைக் காட்டிக்கொடுக்க, அன்று முதல் கண்ட இடத்தில் எல்லாம் அதை வைக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் தலைமுறையும் இதே வரிசையில் இதே தவறுகளைச் செய்துதான் வந்தது என்பதால் பெரும்பாலானவற்றைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

உத்தி எளிமையானது. ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லாவிட்டால், நல் மதிப்பை வைத்துவிட்டு ஒவ்வோர் இடத்திலும் ‘இருக்கிறதா’ என்று சோதிப்பதற்குப் பதிலாக, அதே இன்டர்ஃபேஸை (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய மெத்தடுகளின், அதாவது செயல்களின், பட்டியலை) நிறைவேற்றி, ஆனால் எந்த விளைவும் ஏற்படுத்தாத ஒரு பொருளை அங்கே வைக்கிறோம். 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல் மொழிக்காக நல் குறிப்பை (null reference) அறிமுகப்படுத்திய கணினி அறிவியலாளர் டோனி ஹோர், 2009-ல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அதைத் தமது ‘பில்லியன் டாலர் தவறு’ என்று அழைத்தார். அந்தத் தவறிலிருந்து தப்பிக்கும் வழிகளுள் நல் ஆப்ஜெக்டும் ஒன்று. தப்பிக்கிற அவசரத்தில்தான் அடுத்த பள்ளத்தில் விழுகிறோம். பெயரிடுதல், சிங்கிள்டனாக (நிரல் முழுவதற்கும் ஒரே பொருளாக) வைக்க மறத்தல் போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாராவது முதல் பரிசீலனையிலேயே சொல்லிவிடுவார்கள்.

தோல்வியை வெறுமையாக மாற்றுதல்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கட்டுமானப் பொருள் கடை. சிமென்ட், கம்பி, பெயின்ட் எல்லாம் மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் கணக்கில் எடுத்துப்போவார்கள். வீட்டுக்காரரிடமிருந்து பணம் வந்ததும் கட்டுவார்கள். வேறொருவர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பில் போடும்போது மொபைல் எண்ணைத் தட்டினால் வாடிக்கையாளரின் விவரம் வர வேண்டும். எண் பதிவில் இல்லை என்றால் ‘ரொக்க வாடிக்கையாளர்’ என்ற நல் ஆப்ஜெக்ட் வரும். அதன் பெயர் ‘ரொக்கம்’, பாக்கி 0, எஸ்எம்எஸ் அனுப்பும் மெத்தட் காலி, பேரேட்டில் எழுதும் மெத்தடும் காலி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வழிப்போக்கராக வந்து அரைக் கிலோ ஆணி வாங்குபவருக்குப் பேரேடு எதற்கு?

சிக்கல், வாடிக்கையாளரைத் தேடும் மெத்தடுக்குள் இருந்தது. தரவுத்தளம் கடையில் இல்லை. இணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இணைப்பு அறுந்தால் எக்செப்ஷன், அதாவது வேலையை நிறுத்தும் பிழை அறிவிப்பு, எழும். அதைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கில் ஒரே ஒரு வரி இருந்தது: ரொக்க வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பு. நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் எழுதும் வரிகூட இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூரில் மின்சாரமும் இணையமும் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு அறுந்த நிமிடத்தில் ஒரு மேஸ்திரி கடனுக்குக் கம்பி எடுக்கிறார். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அவரை முகம் தெரியும். எண்ணைத் தட்டி, கடன் என்று தேர்ந்து, பில்லைப் போட்டுவிடுகிறார். பில்லின் தலைப்பில் ‘ரொக்கம்’ என்று அச்சாகியிருப்பதை இருவருமே படிக்கவில்லை. கடன் வரம்புச் சோதனையாவது தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ‘இவருக்குப் பில் போடலாமா’ என்ற கேள்விக்கு ரொக்க வாடிக்கையாளர் எப்போதும் ‘ஆம்’ என்றே பதில் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது. கல்லாவில் வரிசை நிற்கக் கூடாதல்லவா. இருப்புக் கணக்கு கடையிலிருந்த கணினியிலேயே இருந்ததால் சரக்கு ஒழுங்காகக் குறைந்தது. கடன் பில் என்பதால் மாலையில் கல்லாக் கணக்கும் சரியாக வந்தது. பேரேட்டில் மட்டும் எதுவும் ஏறவில்லை, ஏனென்றால் அந்த மெத்தட் காலி.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல. ஒரு மேஸ்திரி கணக்கு முடிக்க வந்தபோது தம் சட்டைப்பை நோட்டைத் திறந்து, “முதலாளி, உங்க கணக்குல கம்பி குறையுது, சரியா பாருங்க” என்று சொன்னார். அப்படிச் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடைக்காரரால் கடைசிவரை அறிய முடியவில்லை. எங்களை அழைத்த பிறகு, ‘ரொக்கம்’ என்ற பெயரில் கடன் வகையில் பதிவான பில்களை எல்லாம் பிரித்தெடுத்தோம். ஆனால் ஒவ்வொரு பில்லும் யாருடையது என்பதைச் சொல்ல மொபைல் எண்கூட மிஞ்சவில்லை. நல் ஆப்ஜெக்ட் அதையும் காலியாகவே தந்திருந்தது. கடைப் பையன்களின் நினைவையும் லாரி வாடகைச் சீட்டுகளையும் வைத்து முடிந்தவரை ஒட்டினோம்.

அந்தக் கேட்ச் பிளாக் இல்லாமலிருந்தால் முதல் மழைநாளிலேயே திரையில் எக்செப்ஷன் விழுந்திருக்கும்; கடைக்காரர் எரிச்சலுடன் தொலைபேசியில் அழைத்திருப்பார்; அன்றே சரிசெய்யப்பட்டிருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவைக்கும் வேலைதான் இது. தவறு நடந்த இடத்துக்கும் அது வெளிப்படும் இடத்துக்கும் இடையே மாதக்கணக்கில் தூரத்தை ஏற்படுத்திவிடுகிறது. நல் பாயின்டர் எக்செப்ஷனை விடப் பெரிய கேடு இதுவே என்று புதியவர்களிடம் சொன்னால், “சார், புரோகிராம் கிராஷ் ஆகலையே” என்கிறார்கள்.

தேடலுக்கு இரண்டு முடிவுகள் அல்ல, மூன்று முடிவுகள் உண்டு: வாடிக்கையாளர் கிடைத்தார், பதிவில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது, தேடவே முடியவில்லை. நல் ஆப்ஜெக்டுக்கு உரியது இரண்டாவது மட்டும். மூன்றாவது எக்செப்ஷனாகவே மேலே எழுந்து, பில் போடுபவரின் திரைவரை வர வேண்டும். நாங்கள் திருத்திக்கொடுத்த பதிப்பில், இணைப்பு இல்லாதபோது ரொக்கப் பில் போடலாம், கடன் பில் போட முடியாது. காரணமும் திரையில் தமிழில் தோன்றும். ரொக்க வாடிக்கையாளரின் பேரேட்டில் எழுதச் சொல்லி எந்தப் பகுதியாவது அழைத்தால் எக்செப்ஷன் எறியும்படியும் மாற்றினோம். எக்செப்ஷன் எறிந்தால் அது நல் ஆப்ஜெக்டே அல்ல என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதிட்டார். வாதம் சரிதான். அந்த ஒரு மெத்தடைப் பொறுத்தவரை நல் ஆப்ஜெக்ட் பொருந்தாது என்பதே அதிலிருந்து கிடைக்கும் முடிவு. பணத்தைப் பதிவுசெய்யும் மெத்தடுக்கு ‘ஒன்றும் செய்யாதே’ என்பது ஒருபோதும் நடுநிலையான நடத்தை ஆகாது.

பரிசீலனையின்போது கேட்ச் பிளாக்குக்குள் நல் ஆப்ஜெக்டைக் கண்டால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன். கொஞ்சம் கடுமைதான்.

எல்லாவற்றுக்கும் 0 என்று திருப்புதல்

நல் ஆப்ஜெக்ட் திருப்பும் மதிப்பு, அது போய்ச் சேரும் கணக்கைப் பாதிக்காததாக இருக்க வேண்டும். கூட்டலுக்கு 0 அப்படிப்பட்டது, பெருக்கலுக்கு 1. தள்ளுபடியைச் சதவீதமாகத் தரும் மெத்தடில் 0 சரி. அதே தள்ளுபடியை விலையோடு பெருக்கும் காரணியாகத் தரும் மெத்தடில் 0 வைத்தால் சரக்கு இலவசமாகப் போய்விடும். இதை நான் பரிசீலனையில் ஒருமுறைக்கு மேல் பிடித்திருக்கிறேன்.

வரியில் இது இன்னும் நுட்பமானது. வரி விலக்குள்ள பொருளுக்கு 0 சதவீதம் உண்மையான விடை. பட்டியலில் விகிதமே பதிவாகாத பொருளுக்கு 0 சதவீதம் பொய். சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது போன்ற மாற்றங்களின்போது, பழைய விகிதத்துக்கு முடிவு நாள் போட்டுவிட்டுப் புதிய விகிதத்தை ஏற்ற மறந்தால், ‘வரியில்லா விதி’ என்ற நல் ஆப்ஜெக்ட் பதுங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். பில் அழகாக அச்சாகும். விகிதம் இல்லை என்றால் பில்லே போடக் கூடாது.

நல் ஆப்ஜெக்டுக்குள் நிலையைச் சேமித்தல்

நல் ஆப்ஜெக்ட் பெரும்பாலும் நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாகப் பகிரப்படுகிறது. ஆகவே அதில் எதையும் எழுத முடியாதபடி செய்ய வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒருவர், ரொக்க வாடிக்கையாளரும் விரும்பினால் எஸ்எம்எஸ் பெறட்டும் என்ற நல்லெண்ணத்தில், அதற்கு மொபைல் எண்ணை வைக்கும் மெத்தட் ஒன்றைச் சேர்த்தார். காலையில் வந்த ஒருவர் எண்ணைக் கொடுத்தார். அதன் பிறகு அன்று வந்த ரொக்கப் பில்கள் எல்லாம் அவருக்கே போயின. சோதனைச் சூழலில் நடந்ததால் சிரித்துவிட்டு விட்டோம்; மருந்துக் கடையில் நடந்திருந்தால் அடுத்தவரின் நோய் அவருக்குத் தெரிந்திருக்கும். எண் கொடுத்த ரொக்க வாடிக்கையாளர், தனக்கென்று தரவு உள்ள உண்மையான பொருள். அவருக்குத் தனி கிளாஸ் (பொருள்களை உருவாக்கும் வார்ப்பு) வேண்டும்.

உண்மையான கிளாஸிலிருந்து மரபுரிமை பெறுதல்

வாடிக்கையாளர் கிளாஸை அப்படியே நீட்டித்து, தேவையான மெத்தடுகளை மட்டும் காலியாக்குவது இன்று வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து யாரோ தாய் கிளாஸில் புள்ளிகள் சேர்க்கும் மெத்தட் ஒன்றைப் புதிதாக எழுதுவார். நல் ஆப்ஜெக்டை நினைத்துப் பார்க்க அவருக்குக் காரணம் இல்லை, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் எச்சரிக்காது. கடையிலேயே அதிகப் புள்ளி பெற்ற வாடிக்கையாளராக ‘ரொக்கம்’ வந்து நிற்கும். இரண்டு கிளாஸ்களும் ஒரு பொது இன்டர்ஃபேஸை நிறைவேற்றினால், இன்டர்ஃபேஸிலேயே டிஃபால்ட் நடத்தை எழுதாதவரை, புதிய மெத்தட் சேரும்போது கம்பைலர் இரண்டிலும் விடை கேட்கும்.

‘இஸ்நல்’ மெத்தடை எங்கும் அழைத்தல்

‘நீ நல் ஆப்ஜெக்டா’ என்று கேட்கும் மெத்தட் இது. நல் ஆப்ஜெக்ட் வந்ததே இப்படிப்பட்ட நல் செக்கை ஒழிக்கத்தான். அழைக்காதீர்கள்.

நல் ஆப்ஜெக்டின் மெத்தட் நல் மதிப்பைத் திருப்புதல்

வெற்றுச் சரம், காலிப் பட்டியல், இன்னொரு நல் ஆப்ஜெக்ட்: பொருந்துவதைத் திருப்புங்கள்.

காலிப் பட்டியலில் கலப்படம்

ஜாவாவின் கலெக்ஷன்ஸ் கிளாஸ் தரும் எம்ப்டிலிஸ்ட், அதாவது காலிப் பட்டியல், மாற்ற முடியாதது. அதில் ஒன்றைச் சேர்த்தால் எக்செப்ஷன் வரும். தரவு இருந்தால் மாற்றக்கூடிய அர்ரேலிஸ்ட், இல்லாவிட்டால் எம்ப்டிலிஸ்ட் என்று ஒரே மெத்தட் இரண்டையும் திருப்பினால், தரவு உள்ள வாடிக்கையாளருக்கு ஓடுகிற நிரல் புதிய வாடிக்கையாளருக்கு மட்டும் உடையும். இரண்டையும் மாற்ற முடியாததாகவே திருப்புவது நல்லது.

மொழி தந்திருப்பதை மறுபடி எழுதுதல், பயன்படுத்தாமல் விடுதல்

எழுதியதை எல்லாம் விழுங்கும் வெற்று ஸ்ட்ரீமை ஜாவா 11 தானே தருகிறது. பைத்தானின் லாகிங் நூலகத்தில் லாக் செய்திகளை விழுங்கும் நல்ஹேண்ட்லர் இருக்கிறது. இவற்றைக் கையால் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், ‘உள்ளே பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று சொல்லும் உறையான ஆப்ஷனல் போதும் என்ற இடத்திலும் நல் ஆப்ஜெக்டை நுழைப்பவர்கள் உண்டு. 2014-ல் ஜாவா 8-உடன் வந்த ஆப்ஷனல், இல்லாமையை அழைப்பவரின் கண்ணில் படும்படி வைக்கிறது. நல் ஆப்ஜெக்ட் அதை மறைக்கிறது. ஆகவே அழைக்கும் இடங்களை எண்ணிப் பார்க்கிறேன். பொருள் இல்லாதபோது எல்லா இடங்களும் ஒரே நடத்தையையே விரும்பினால் நல் ஆப்ஜெக்ட். ஒவ்வோர் இடமும் வேறு முடிவெடுக்க வேண்டியிருந்தால் ஆப்ஷனல். எங்கள் பில்லிங்கில் அச்சிடுதல், எஸ்எம்எஸ், புள்ளிகள் ஆகிய மூன்று பகுதிகளும் ரொக்க வாடிக்கையாளரை நல் ஆப்ஜெக்டாகவே வாங்குகின்றன. கடன் பிரிவுக்கு ஆப்ஷனல்தான் போகிறது. அது காலியாக வந்தால் என்ன செய்வது என்பதை அந்தப் பிரிவை எழுதுபவர் தம் கையாலேயே எழுதியாக வேண்டும்.