குரோஷே பழகலாம்: முதல் சங்கிலியிலிருந்து முதல் சதுரம் வரை

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நாங்கள் குடியிருந்தபோது, அடுத்த வீட்டுத் தெலுங்குப் பாட்டி மத்தியான வேளையில் வாசற்படியில் உட்கார்ந்து கொக்கி ஊசியால் வெள்ளை நூலில் குரோஷே பின்னிக்கொண்டே இருப்பார். ரேடியோவுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று எங்கள் வரிசை முழுக்க அவர் பின்னிய விரிப்புதான். (ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த கைவேலை இது. இன்றும் அந்த ஊர் லேஸ் பின்னலுக்குப் பேர்போனது.) பின்னச் சொல்லித்தரும் முன்பே பாட்டி என்னை எண்ணச் சொன்னார். இப்போது என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கும் நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

என்ன வாங்குவது?

தெலுக் இந்தான் போனால் தையல் சாமான் கடையில் ‘பெனாங் காயித்’ (மலாயில் குரோஷே நூல்) என்று கேளுங்கள். நடுத்தரக் கனமுள்ள நூல், வெளிர் நிறம், அதற்கு 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி. கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. சட்டி பிடிக்கும் துணி பின்ன நினைத்தால் பருத்தி நூல்தான். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகிவிடும். இரண்டு ஊக்கும் ஒரு கத்தரிக்கோலும் வீட்டிலேயே இருக்கும்.

முடிச்சும் சங்கிலியும்

நூல் நுனியில் ஒரு சாண் விட்டு வளையம் போடுங்கள். கண்டுப் பக்கத்து நூலை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் சுருக்கு முடிச்சு வரும். அதை ஊசியில் மாட்டுங்கள். ஊசியைப் பேனா மாதிரியும் பிடிக்கலாம், காய் நறுக்கும் கத்தி மாதிரியும் பிடிக்கலாம். நூல் இடது ஆள்காட்டி விரல்மேல் ஓடட்டும். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்யுங்கள்.

நூலை ஊசியின் பின்னாலிருந்து முன்னால் சுற்றி, வளையத்துக்குள் இழுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று. இப்படி 16 போடுங்கள். ஊசியில் இருக்கும் வளையமும் முதல் முடிச்சும் கணக்கில் சேராது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருமே இறுக்கித்தான் பின்னுவார்கள். ஊசி உள்ளே நுழைய அடம்பிடித்தால் சங்கிலியைப் பிரித்து, தளர்வாக மறுபடி போடுங்கள். புழுக்கத்தில் கை வியர்த்து நூல் ஒட்டினால் கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளலாம்.

சிங்கிள் குரோஷே

ஊசியை ஒட்டிய முதல் சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டாவதில் குத்துங்கள். நூலைச் சுற்றி இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையம். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டுக்குள்ளும் ஒரே இழுவையாக இழுங்கள். வரிசை முடிவில் 15 கண்ணி இருக்க வேண்டும். ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்பி, முதல் கண்ணியிலிருந்தே அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். அந்த ஒற்றைச் சங்கிலி கண்ணியாகாது.

துணியை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை, படுத்திருக்கும் ‘வி’ எழுத்துபோல இருக்கும். ஊசி அந்த இரண்டு இழைக்கும் அடியில் போக வேண்டும். இதைப் பார்க்கக் கண் பழகும்வரை அடுத்த பின்னலுக்குப் போகாதீர்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு துண்டைக் கொண்டுவந்து, “அக்கா, சதுரம்தானே பின்னினேன், ஏன் முக்கோணமா வருது?” என்றாள். அடி வரிசையை எண்ணினோம், 15. மேல் வரிசையில் 9. நடுவில் ஒரு தப்பும் இல்லை. ஓரத்துக் கடைசிக் கண்ணி கொஞ்சம் சுருண்டு ஒளிந்துகொள்ளும். அவள் ஒவ்வொரு வரிசையிலும் அதை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு மாட்டச் சொன்னேன். அடுத்த துண்டு நேராக வந்தது. நீங்களும் மாட்டுங்கள், வரிசைக்கு வரிசை ஊக்கை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள்.

டபுள் குரோஷே

இது உயரமான கண்ணி, துணி சீக்கிரம் வளரும். மூன்று சங்கிலி போட்டுத் திருப்புங்கள். இந்த மூன்றும் சேர்ந்து முதல் கண்ணி என்று கணக்கு. அதனால் அடுத்தது இரண்டாவது கண்ணியில். முதலில் நூலைச் சுற்றிக்கொண்டு குத்துங்கள், மறுபடி சுற்றி இழுங்கள்: மூன்று வளையம். சுற்றி இரண்டுக்குள் இழுங்கள், மறுபடி சுற்றி மீதி இரண்டுக்குள் இழுங்கள். அதற்கடுத்த டபுள் வரிசையில் கடைசிக் கண்ணி, முந்தைய வரிசையின் மூன்று சங்கிலியில் உச்சிச் சங்கிலிமேல் விழ வேண்டும். இங்கேயும் ஊக்குதான் துணை. மூன்று வளையத்துக்குள்ளும் ஒரேயடியாக இழுத்தால் அது ஹாஃப் டபுள்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் அமெரிக்க முறைக் குறிப்பும் பிரிட்டிஷ் முறைக் குறிப்பும் கலந்தே கிடைக்கின்றன. நான் இங்கே சொன்னது அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்க ‘சிங்கிள்’தான் பிரிட்டிஷ் ‘டபுள்’. அமெரிக்க ‘டபுள்’ அங்கே ‘ட்ரெபிள்’. குறிப்பில் ‘சிங்கிள் குரோஷே’ என்று இருந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிப்பது

அகலமும் உயரமும் ஒன்றானதும் ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, கடைசி வளையத்துக்குள் முழுக்க இழுத்துவிடுங்கள். தொங்கும் நுனியைக் கண்பெரிய ஊசியில் கோத்துப் பின்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு தடவை போய், திரும்பி ஒரு தடவை வாருங்கள். துவைத்தாலும் வெளியே வராது.