லெகோ செட்டுகளில் முதலீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டும் பொம்மை செட்டுகளைச் செய்யும் லெகோ நிறுவனம் எந்த செட்டையும் காலம் முழுக்க விற்பதில்லை. பெரும்பாலான செட்டுகளின் தயாரிப்பு இரண்டு வருடத்துக்குள் நின்றுவிடும், சில மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அதன்பிறகு வேண்டுபவர்கள் சேகரித்து வைத்திருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். அந்த விலையேற்றத்தை எதிர்பார்த்துத்தான் பலர் சீல் பிரிக்காத பெட்டிகளை வாங்கி அடுக்குகிறார்கள். 2007-ல் 500 டாலருக்கு வந்த, ஸ்டார் வார்ஸ் படத்து விண்கலமான மில்லேனியம் ஃபால்கனின் பெரிய செட்டு பின்னாளில் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறியது உண்மை. அந்த ஒரு கதையைக் கேட்டுவிட்டுப் பணத்தோடு இறங்குவதில்தான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 1987 முதல் 2015 வரையிலான இரண்டாயிரத்துக்கும் அதிகமான செட்டுகளின் விலைகளை ரஷ்ய ஆய்வாளர்கள் அலசி, சராசரி லாபம் வருடத்துக்கு 11 சதவீதம் என்று சொன்னார்கள். செய்திகளில் தலைப்பானது இந்த 11 மட்டும்தான். ஆனால் அதே ஆய்வில் வருடத்துக்குப் பாதி மதிப்பை இழந்த செட்டுகளும் இருந்தன, 600 சதவீதம் ஏறியவையும் இருந்தன. உங்கள் அலமாரியில் இருக்கும் பத்துப் பெட்டிகள் அந்தச் சராசரியைத் தரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. தயாரிப்பு நின்று இரண்டு மூன்று வருடம் ஆன பிறகுதான் விலை ஏறத் தொடங்குகிறது என்பதும் அதில் இருக்கிறது. நின்ற ஆறாவது மாதமே பொறுமை இழந்து விற்பவர்கள், தங்களைப் போலவே அவசரப்படும் மற்றவர்களோடு சேர்ந்து விலையை இறக்குகிறார்கள்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு வேறு. நிறுத்திய செட்டு திரும்பி வராது என்று நம்புவதுதான் அது. தாஜ்மஹால் செட்டைப் பாருங்கள். 2008-ல் 5,922 துண்டுகளோடு 300 டாலருக்கு வந்தது. நிறுத்தப்பட்ட பிறகு சீல் பிரிக்காத பெட்டி 2,000 டாலரைத் தாண்டியது. இதைவிடப் பத்திரமான முதலீடு இல்லை என்றே பலரும் பேசினார்கள். 2017 நவம்பரில் லெகோ அதே தாஜ்மஹாலை, ஒரே ஒரு துண்டு கூட்டி, 370 டாலருக்கு மறுபடி வெளியிட்டது. பழைய பெட்டியின் விலை சரிந்தது. அதே வருடம் மில்லேனியம் ஃபால்கனும் 7,541 துண்டுகளோடு, 800 டாலர் விலையில், புதிதாக வந்தது. பழைய ஃபால்கனுக்கும் அதே கதிதான்.

இந்த வியாபாரத்தில் நீங்கள் விற்பது தட்டுப்பாட்டை. அந்தத் தட்டுப்பாட்டை உருவாக்குவதும் நீக்குவதும் டென்மார்க்கில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதிக விலைக்குப் போகும் பழைய செட்டு என்றால், அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது என்று அந்த நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் மொத்தப் பணத்தையும் ஒரே செட்டில், ஸ்டார் வார்ஸ் மாதிரி ஒரே வரிசை செட்டுகளில் போடாதீர்கள். நல்ல விலை வந்தால், இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்காமல் ஒன்றிரண்டையாவது விற்றுவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. இபே என்ற இணையச் சந்தையில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்துத் தன் பெட்டியின் மதிப்பை முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். கேட்கும் விலை யாரும் கொடுத்த விலை ஆகாது. லெகோ வாங்கி விற்பதற்கான பிரிக்லிங்க் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் விற்ற விலைகள் கிடைக்கும், அதைப் பாருங்கள். 300 டாலருக்கு வாங்கியதை ஐந்து வருடம் கழித்து 450-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனைத் தளத்தின் கட்டணம், பெரிய பெட்டியைப் பத்திரமாக அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 90 டாலர் போனால் கையில் நிற்பது 360. வருடத்துக்கு 4 சதவீதம்கூட வரவில்லை. பெட்டிகள் அடைத்துக்கொண்ட அறையின் வாடகையை இதில் சேர்க்கவே இல்லை.

பெட்டியை அலட்சியமாக வைப்பதும் காசைக் கரைக்கும். சேகரிப்பாளர்கள் பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். மூலை நசுங்கினாலும், ஈரத்தில் அட்டை உப்பினாலும் பேரம் ஆரம்பித்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது பெரிய கவலை. வெயில் படும் இடமும் ஆகாது, பெட்டியின் அச்சு வெளிறிவிடும்.

போலிகள் இன்னொரு பக்கம். லெபின் என்ற பெயரில் சீனாவில் லெகோ செட்டுகளை அப்படியே நகலெடுத்து விற்றார்கள். 2019-ல் ஷாங்காய் போலீஸ் அந்தத் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டது. அசல் துண்டுகளின் மேல் குமிழ்களில் லெகோ என்ற எழுத்து இருக்கும். ஆனால் சீல் பிரிக்காத பெட்டியில் அதைப் பார்க்க முடியாது, பிரித்துப் பார்த்தால் விலை போய்விடும். அதனால் அறிமுகம் இல்லாதவரிடம் பழைய பெட்டியை மலிவாக வாங்குவதைவிட, செட்டு கடையில் இருக்கும்போதே ரசீதோடு வாங்கிவைப்பது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டில் வாங்கி இந்தியாவில் விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் சுங்க வரியைப் பார்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இங்கே விற்கவும் முடியாது. 2008-ல் வெளிவந்த பெட்டியில் அந்த முத்திரை இருக்காது. வியாபாரமாகச் செய்யும் எண்ணம் இருந்தால், முதல் பெட்டியைத் தருவிப்பதற்கு முன்பே சுங்க விவகாரம் தெரிந்த ஒருவரிடம் பேசிவிடுங்கள்.