பாலித் தீவில் ஒரு நாள் கோயில் உலா: முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு முதல்முறை செல்பவர்கள் பலர், கடற்பாறைமேல் நிற்கும் தானா லோட், தெற்கே செங்குத்துப் பாறை விளிம்பிலுள்ள உலுவாத்து, கிழக்கே அகுங் எரிமலைச் சரிவிலுள்ள பெசாக்கி ஆகிய மூன்று கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்கிடுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு திசைகளில் இருப்பதாலும், சாலைகள் குறுகலாகவும் நெரிசலாகவும் இருப்பதாலும், அந்த நாள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். தொடக்கத்திற்கு உபுட் நகரை அடுத்துள்ள தீர்த்தா எம்புல், குனுங் காவி, கோவா காஜா ஆகிய மூன்றும் பொருத்தமானவை.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். பாலியின் புத்தாண்டான ந்யெப்பி நாளில் விமான நிலையம் உட்படத் தீவு முழுவதும் மூடப்படும். விடுதியை விட்டு வெளியே வரவும் அனுமதி இல்லை. 210 நாட்களுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் திருநாளை ஒட்டிக் கோயில்களில் உள்ளூர் மக்களின் வழிபாடு மிகுந்திருக்கும். அந்த நாட்களில் செல்ல நேர்ந்தால், வழிபடுவோருக்கு முன்னே நடக்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

அடுத்தது உடை. இடுப்பில் கைலிபோலச் சுற்றும் சாரோங்கும், அதன்மேல் செலெந்தாங் என்னும் கச்சையும் கட்டியிருக்க வேண்டும். தோள் மூடியிருக்க வேண்டும். வாயிலில் இவை கிடைக்குமென்றாலும், சொந்தமாக ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கோயிலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நாட்களிலும், இரத்தம் கசியும் காயத்தோடும் உள்ளே வர வேண்டாம் என்பது அங்குள்ள விதி. பெண்கள் இதைக் கருதி நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தரையில் பூவும் அரிசியும் வைத்த சிறு ஓலைத் தட்டுகள் தென்படும். சானாங் சாரி எனப்படும் அன்றாடப் படையல் அது. மிதிக்காமல் சுற்றி நடங்கள்.

ஓட்டுநருடன் ஒரு வண்டியை நாள் வாடகைக்கு அமர்த்தி, காலையிலேயே தீர்த்தா எம்புல் ஊற்றுக் கோயிலுக்குச் செல்லுங்கள். பொ.ஆ. 962-இல் இந்த ஊற்று அமைக்கப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. தீர்த்தம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஊற்று நீரைத் தலையில் ஏற்கும் வழக்கமும் அவ்வாறே. குளத்தில் இறங்க விரும்பினால் அங்கேயே தரும் தனிச் சாரோங்கை அணிந்து, நீர்த்தாரைகளை இடப்புறமிருந்து வரிசையாகக் கடக்க வேண்டும். அவற்றுள் இரண்டு இறந்தோருக்கான சடங்குகளுக்கு உரியவை என்பதால், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இறங்குங்கள். நெரிசல் கூடிய பிறகு இந்த வரிசை மிக மெதுவாக நகரும். காலையிலேயே வரச் சொல்வது அதனால்தான்.

இங்கே கோயிலின் அமைப்பையும் கவனியுங்கள். கோயில் மூன்று முற்றங்களாக அமையும். உள்முற்றத்தை வழிபடுவோருக்கு மட்டுமே திறந்துவைக்கும் கோயில்கள் பல. கருவறையில் மூலவரைத் தேடிப் பழகிய கண்களுக்கு, பத்மாசனம் என்னும் உயர்ந்த கல் இருக்கை வெறுமையாக இருப்பது வியப்பளிக்கும். உருவத்தில் அடங்காத பரம்பொருளுக்கான இருக்கை அது. இதை அறிந்து பார்ப்பவருக்கு அந்த வெற்றிடமே தரிசனமாகிவிடும் என்பது என் எண்ணம்.

அங்கிருந்து குனுங் காவி மிக அருகில் இருக்கிறது. நெல் வயல்களுக்கு நடுவே ஏறத்தாழ 300 படிகள் இறங்கினால், பக்கெரிசான் ஆற்றின் இரு கரைகளிலும் பாறையைக் குடைந்து செதுக்கிய 11-ஆம் நூற்றாண்டு நினைவுச் சின்னங்களைக் காணலாம். மொத்தம் பத்து; ஒவ்வொன்றும் சுமார் 7 மீட்டர் உயரம். திரும்பி ஏறுவது கடினமாக இருக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

மதிய உணவுக்குப் பின் உபுட் திரும்பும் வழியில் கோவா காஜா வரும். யானைக் குகை என்பது பெயரின் பொருள். வாயிலில் செதுக்கிய பெரிய முகத்தின் வாய்வழியே நுழைந்தால் குகை இருபுறமும் பிரியும். இடப்புறம் விநாயகர், வலப்புறம் மூன்று லிங்கங்கள். உள்ளே இருள் சூழ்ந்திருக்கும். கண் பழகும்வரை சற்றே நின்று, பிறகு உள்ளே செல்லுங்கள். வெளியே வந்ததும் எதிரிலுள்ள நீராடு துறையைப் பாருங்கள்: மண்ணுக்குள் மறைந்து கிடந்த அது 1954-இல்தான் அகழ்ந்தெடுக்கப்பட்டது.