அம்மாவுக்கு வாஷிங் மெஷின் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

வளைகுடாவிலிருந்து லீவுக்கு ஊர் போகும்போது பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது போன லீவில் பட்ட பாடு. ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு ஆன்லைனில் ஏதாவது அனுப்பும் எண்ணம் இருந்தால் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் சின்ன விஷயங்கள். திருவனந்தபுரத்தில் பெல்ட்டில் வரும் பெட்டி உடைந்திருந்தால், வெளியே மச்சான் காத்திருக்கிறான் என்று ஓடாதீர்கள். விமான நிறுவனக் கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால், கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். டாக்சிக்காரரிடம் பர்மிட், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத்தானா என்று ஏறும் முன்பே கேளுங்கள். கேரள எல்லையில் களியக்காவிளை வந்தபிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் மாமா கேட்கும் போன். "அங்க வெல கொறவுதானே" என்பார். பல பொருள்களுக்கு வாரண்டி வாங்கிய நாட்டோடு சரி. அதைப் பார்க்காமல் கொண்டுபோனால், டிஸ்ப்ளே போகிற அன்று கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

இனி வாஷிங் மெஷின். தக்கலை பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு முட்டுவலி, அலக்குக்கல்லில் குனிய முடியவில்லை. அதை நேராகச் சொல்ல மாட்டாள். "மழையில துணி காயவே இல்ல" என்றாள். ஷார்ஜாவிலிருந்து அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன். காசால் முடிகிற காரியம் என்றால் எனக்கு எப்போதும் வேகம்தான்.

நான் போய்ச் சேர்வதற்கு 12 நாள் முன்பே மெஷின் வந்துவிட்டது. அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. பொருத்த வந்த பையனையும் சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "நீ வந்து பிரிச்சா போரும்னு வச்சிருந்தேன் மக்களே." பெட்டிமேல் துண்டு விரித்து ஒரு குலை மட்டிப்பழம் வைத்திருந்தாள். அதை இறக்கிவைத்துவிட்டுப் பிரித்தோம். பின்பக்கத் தகடு நெளிந்து, டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆப்பில் பார்த்தால், ரிட்டர்ன் 7 நாளோடு முடிந்திருந்தது.

லீவு 22 நாள். அதில் 9 நாளை இது தின்றது. கஸ்டமர் கேரில் பேசினால், ஓடிபி ஷார்ஜா நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை நான் ஊரில் இயக்கவே இல்லை. நாகர்கோவிலில் சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். கவுண்டரில் ஒரு பெண்.

"பில்லு யாரு பேருல?"

"எம்பேருல."

"மெஷினு?"

"அம்மா வீட்டுல."

"அப்ப கஸ்டமர்தான் வரணும்."

"நான்தான் கஸ்டமர்."

"உங்க அட்ரஸ் ஷார்ஜால்லா இருக்கு?"

அவள் குத்திச் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் வாசித்தாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

நாலாம் நாள் மெக்கானிக் வந்தார். 'வீட்டில் வைத்து ஏற்பட்ட சேதம்' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. நீங்களும் ஜாப் ஷீட்டை வாசிக்காமல் போடாதீர்கள். பெட்டி பிரிக்கும்போது தங்கை மகன் விளையாட்டாக எடுத்த வீடியோதான் என்னைக் காப்பாற்றியது.

சட்டம் நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அதாவது அம்மாவும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், அம்மா குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், நாகர்கோவிலிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் அவகாசம் உண்டு. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி அந்த அதிகாரிக்கு மெயில் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தேன், தமிழில் பேசலாம். அது கோர்ட் இல்லை, ஆனாலும் அதன்பிறகு கம்பெனியின் குரல் மாறிவிட்டது. நான் விமானம் ஏறுவதற்கு 2 நாள் முன்பு, எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இனி அனுப்புகிறவர்கள் கணக்கில் ஊர் நம்பரைப் போடுங்கள். பில் அம்மா பேரிலேயே இருக்கட்டும். வந்த அன்றே வீடியோ எடுத்துக்கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

ரீபண்டு ஷார்ஜா கார்டுக்கே வந்தது, நாணய மாற்றில் கொஞ்சம் தேய்ந்து. மெஷினை எடுத்துப் போன அன்று அம்மா கூப்பிட்டாள்.

"கொண்டு போயிட்டானுவ. திண்ணை வெறிச்சுன்னு கெடக்கு."

"வேற ஒண்ணு போடட்டா?"

"அடுத்த லீவுக்கு நீ வந்தபொறவு பாத்துக்கிடலாம்."

"அது வரைக்கும் துணி?"

"இன்னிக்குள்ளத அலக்கிப் போட்டாச்சு."